காளி ஆற்றுக்கு ஓர் ஒத்திகை

என் கணவர் இசக்கிதுரை ஆற்றில் இறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தார்கள். சாத்தான்குளத்திலிருந்து வேனில் வந்த அவருடைய சித்தி உலகம்மாள், படப்பையில் எங்கள் தெருமுனையில் இறங்கியதும் என் கையைப் பிடித்துக் கேட்ட முதல் கேள்வி, "உடம்பு கெடச்சுதாட்டி?" என்பதுதான். என் கணவர் போனில் பேசிய எல்லாரிடமும் அந்த ஆற்றைப் பற்றி அவ்வளவு சொல்லி வைத்திருந்தார்.

அவர் இறந்தது ஒரகடத்தில், தொழிற்சாலையின் பயிற்சி அறையில். வெளிச்சமும் காற்றும் விதிப்படி இருந்த இடம். அங்கே அவர் சேஃப்டி ஆபீசர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, மாரடைப்பு வந்து விழுந்த ஆளை எப்படிக் காப்பாற்றுவது என்று ரப்பர் பொம்மையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தவர், அந்தப் பொம்மைக்குப் பக்கத்திலேயே விழுந்தார். அதுவும் பாடம்தான் என்று வகுப்பு காத்திருந்தது. ஒருவர் கையைத் தூக்கி, "சார், அடுத்த ஸ்டெப் இன்னா சார்?" என்று கேட்டாராம். பிறகு புரிந்துகொண்டு அவர் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் செய்தார்கள். நன்றாகவே செய்திருந்தார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆரம்பிக்கத்தான் தாமதமாகிவிட்டது.

தொழிற்சாலை வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை உண்டு. மறுநாளும் அதில் ஒன்று கூடியது. மாரடைப்பு விபத்துக் கணக்கில் வராது. அந்த விதியை அங்கே எழுதி ஒட்டியவரும் அவர்தான், அதனால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

ஆற்றுக்குப் போக அப்போது இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அந்த ஆற்றை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஹரீஷ் பிஷ்ட். வெல்டிங் பிரிவில் காண்ட்ராக்ட் வேலை. உத்தரகாண்டில் நேபாள எல்லையோரத்து ஊர்க்காரர், பென்னலூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஒருநாள் கண்ணில் பொறி பட்டு முதலுதவி அறைக்கு வந்தார். மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நேரத்தில் பேச்சுக்காகத் தன் போனை இவரிடம் நீட்டி, "நம்ம ஊர் பாருங்க சார்" என்றிருக்கிறார். இரண்டு மலைக்கு நடுவே பச்சைத் தண்ணீர். பாறையில் மோதும் இடமெல்லாம் வெள்ளை. அதில் ரப்பர் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு ஆட்கள். நான்கு நாள் அப்படியே போவார்களாம், இருட்டினால் மணல்கரையில் கூடாரம் அடித்துத் தூங்குவார்களாம்.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் என்னிடம் போனை நீட்டினார்.

"ஏட்டி செல்வலட்சுமி, இதப் பாரு. ஆத்துப் பேரு என்ன தெரியுமா? காளி."

"பேரே சரியில்லையே."

"நம்ம இசக்கியம்மனுக்குத் தங்கச்சின்னு வச்சுக்கோ. போவணும்ட்டி. பதினஞ்சு வருசமா நில்லு, ஏறாத, தொடாதன்னு மத்தவனுக்குச் சொல்லியே சம்பளம் வாங்குதேன். ஒரு தடவை நான் ஏறணும். அந்தப் படகுல உக்காந்து, நானே துடுப்புப் போடணும்."

அவர் பிறந்தது தேரிக்காட்டில். செம்மணல் உண்டு, பனை உண்டு, ஆறு கிடையாது. நீச்சல் தெரியாது. திருச்செந்தூர்க் கடலில்கூட முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டார், அலையை எண்ணிக்கொண்டு நிற்பார். அவர் வாயிலிருந்து அப்படி ஓர் ஆசை வந்ததை நான் அதுவரை கேட்டதில்லை. நகை வாங்க வேண்டும், மனை வாங்க வேண்டும் என்றெல்லாம் நாங்கள் இருவரும் சொல்லிக்கொண்டதுண்டு. அவையெல்லாம் எல்லாரும் சொல்வது. இது அவருடையது.

அதனால் திட்டம் போட ஆரம்பித்தார். அங்கேதான் தவறு நடந்தது.

எங்கள் ஹாலில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஏறியது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. தொழிற்சாலையில் புது இயந்திரம் வந்தால் செய்வதைத்தான் ஆற்றுக்கும் செய்தார். எந்தெந்த ஆபத்து, நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு மோசம், இரண்டையும் பெருக்கினால் என்ன வரும். படகு கவிழ்தல், பாறை, குளிர், பாம்பு, சிறுத்தை. கூடாரத்துக்குள் அடுப்புப் பற்றவைத்தல் என்று ஒன்று. 'நேபாளக் கரையில் தவறுதலாக ஒதுங்குதல்' என்றும் ஒன்று இருந்தது. அதற்கு ஹரீஷ் சிரித்தார். அந்தக் கரையில் அவருடைய அக்கா வீடு இருக்கிறதாம்.

சேஃப்டி வேலையில் ஒரு வரிசை உண்டு. தலைக்கவசம், கையுறை எல்லாம் கடைசி. முதல் கேள்வி, இந்த ஆபத்தை அடியோடு இல்லாமல் செய்ய முடியுமா என்பதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பார்த்து அவர் அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னேன்:

"ஆத்துக்குப் போகாம இருந்தா அடியோட இல்லாமப் போயிரும்."

நான் கேலியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சரியான விடையைச் சொல்லிவிட்ட மாணவியைப் பார்ப்பதுபோல் வருத்தத்தோடு பார்த்தார்.

அதன் பிறகு திட்டத்துக்குப் பதிப்புகள் வர ஆரம்பித்தன. இரண்டாவது பதிப்பில் பெரிய சுழல்களில் படகைத் தூக்கிக்கொண்டு கரையில் நடப்பது என்று முடிவாயிற்று. மூன்றாவதில் சிறிய சுழல்களிலும். நான்காவதில் வேகமான தண்ணீர் எல்லாவற்றிலும் படகில் ஆள் இருக்கமாட்டார்கள், கயிறு கட்டி விடுவார்கள். தண்ணீரிலிருந்து எட்ட, மேட்டில்தான் கூடாரம்.

மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கும் ரத்தினம் படப்பைக்காரர்தான். ஹரீஷோடு அவரும் பயணத்துக்குச் சேர்ந்திருந்தார். ஞாயிறு காலையில் இட்லி சாப்பிடும் நேரமாகப் பார்த்து வந்து சுவரைப் படிப்பார்.

"சார், புச்சா எதுனா ஒட்டிகிறீங்களா? இதுல ஆறு கீதா, அதயும் எடுத்துட்டீங்களா?"

"வேய் ரத்தினம், வெளையாடாதீரும்."

"இல்ல சார், கயிறு கட்டி இஸ்துகினு நாம்ப கரையாண்டயே நடந்து போறோம்னா, படகு எதுக்கு? லக்கேஜுக்கா? அதுக்கு வண்டலூர்லயே ட்ராலி கெடைக்கும் சார்."

படகில் யார் எங்கே உட்காருவது என்று இவர் ஒரு படம் வரைந்திருந்தார். ஹரீஷ் அதை வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "சார், நீங்க எங்கே?"

"நான் கரையில. விசிலோட."

"கரை இல்லே சார். மலை. ஆடு மட்டும் போகும்."

"அப்போ ஆடு போற வழியில வாரேன்."

ரத்தினம் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் போன பிறகு கேட்டேன்: "படகுல ஏறணும்னு தானே ஆரம்பிச்சீங்க? உங்களை நீங்களே எறக்கி விட்டுட்டீங்களே."

"சேஃப்டி ஆபீசர் வேலைக்குள்ள எறங்கக் கூடாதுட்டி. எறங்கிட்டாம்னா மொத்தத்தையும் பாக்க ஆள் இருக்காது."

"அது கம்பெனியில."

"எங்கயும் அதுதான்" என்றார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஒவ்வொரு பாதுகாப்பும் அவரைத் தண்ணீரிலிருந்து ஓர் அடி பின்னால் இழுத்துக்கொண்டு போனது. ஆனால் எந்த ஒன்றையும் தவறு என்று சொல்ல முடியவில்லை. தனித்தனியாக எல்லாம் சரியாகவே இருந்தன.

அந்தப் படம் மாறியது ஒத்திகைக்குப் பிறகுதான். படகின் முன் இடத்தில் பேனாவால் தன் பெயரை எழுதினார், சுவரிலிருந்த மற்ற தாள்களைக் கிழித்தார், நவம்பருக்கு ரயில் டிக்கெட் எடுத்தார். அதனால் அந்த ஒத்திகையை நான் சொல்லியாக வேண்டும்.

தொழிற்சாலைக்காரர்களுக்கு ஒத்திகை இல்லாமல் ஒன்றும் கிடையாது. தீப்பிடித்தால் ஒத்திகை, வாயு கசிந்தால் ஒத்திகை, ஆள் மயங்கினால் ஒத்திகை. ஆகவே ஆற்றுக்கும் ஒன்று. படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஏரி இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. பொங்கல் கழிந்த ஞாயிறு. மழை நன்றாகப் பெய்த வருஷம், ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. ரத்தினம் நான்கு லாரி ட்யூப்களைக் கட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் பலகையை இறுக்கி, படகு மாதிரி ஒன்று செய்திருந்தார். துடுப்புக்குப் பைப்பின் முனையில் நீல ட்ரம்மை வெட்டிச் செருகியிருந்தார். எல்லாவற்றையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். இவர் என்னைக் 'கரைப் பொறுப்பாளர்' என்று நியமித்திருந்தார். கழுத்தில் விசில், கையில் எழுதும் அட்டை. ஓர் ஊதல் என்றால் நில், மூன்று ஊதல் என்றால் உடனே கரைக்குத் திரும்பு.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். நாங்கள் நால்வரும் ஆரஞ்சு நிற ஒளிரும் ஜாக்கெட், வெள்ளை ஹெல்மெட். கரையோரமாகப் பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக வைத்தார். அளவு நாடாவை இழுத்துப் பிடித்தார். ஆழம் பார்க்க, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த நீளக் கோல் ஒன்று செய்து வந்திருந்தார். ஹரீஷ் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதை ஊன்ற, இவர் கரையிலிருந்து அளவைக் கூவ, நான் எழுதிக்கொண்டேன்.

இந்தப் பக்கத்து ஊர்களில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுச் சிவப்பு வெள்ளைக் கோல் ஊன்றுகிற ஆள் எதற்கு வருவான் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். முதலில் கோல் வரும். பிறகு கல் நடுவார்கள். பிறகு காம்பவுண்டுச் சுவர், கேட், கேட்டில் செக்யூரிட்டி. இத்தனை வருஷம் அந்தச் சுவர்களுக்கு உள்ளே வேலை பார்த்தவருக்கு அது தோன்றவில்லை. ஆபத்துப் பட்டியலில் சிறுத்தை இருந்தது, ஊர் மக்கள் இல்லை.

முதலில் இரண்டு பைக் வந்து குட்டியானைக்கு முன்னால் நின்றன. பிறகு துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். முன்னால் வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும், தாயாரம்மாள் என்று கூப்பிட்டார்கள். நூறு நாள் வேலையில் ஆட்களை மேய்க்கும் பணித்தளப் பொறுப்பாளர் என்று பிறகு தெரிந்தது. அந்தத் தோரணை நடையிலேயே இருந்தது.

"இன்னா அளந்துகினு கீறீங்க?"

"ஆழம்" என்றார் இவர், அது நல்ல பதில் என்று நினைத்து.

"எதுக்கு ஆழம்?"

"பாதுகாப்புக்கு."

"யாருக்குப் பாதுகாப்பு? கம்பெனிக்கா? மாடு மேயற மேய்க்காலுல சொவுரு எழுப்னீங்க, சும்மா இருந்தோம். சுடுகாட்டாண்ட ரோடு போட்டீங்க, சும்மா இருந்தோம். இப்போ ஏரிக்கு வந்துட்டீங்களா?"

"யக்கா, யக்கா" என்று ரத்தினம் முன்னால் வந்தார். "நான் படப்பைதான். நம்ம ஆளு."

"படப்பைக்காரன்தான் ஊரெல்லாம் ப்ளாட் போட்டு வித்துகினு கீறான். நீ பேசாத."

தண்ணீரில் நின்ற ஹரீஷ் பயந்துபோய் ரத்தினத்திடம் இந்தியில் ஏதோ கேட்டார். கூட்டம் பின்வாங்கி மறுபடி முன்னால் வந்தது.

"இந்திக்காரன்டா! டெல்லிலருந்தே ஆபீசரு வந்துகிறான்!"

"நான் வெல்டர்" என்றார் ஹரீஷ் தமிழில்.

"வெல்டருக்கு ஏரில இன்னாடா வேல? தண்ணிய ஒட்டப் போறியா?"

"அவனை வுடு, இந்தம்மாவப் பாரு. கண்ணாடி போட்டுகினு எல்லாத்தயும் எழுதுது. இதான் தாசில்தாரு."

நான் அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

இவர் பயிற்சி வகுப்புக் குரலில் விளக்க ஆரம்பித்தார். "அம்மா, ஒரு நிமிசம் கேளுங்க. நாங்க ஒரு ஆத்துல படகுல போகப் போறோம். இது அதுக்கு ஒத்திகை."

"எந்த ஆறு? பாலாறா?"

"காளி ஆறு."

"அது எங்க கீது?"

"நேபாளத்துப் பக்கம்."

கூட்டம் சிரித்தது. தாயாரம்மாள் சிரிக்கவில்லை. "நேபாளத்து ஆத்துக்கு எங்க ஏரில ஒத்திகை. யாருகிட்ட காது குத்துற? சரி, படகு வுடத்தானே வந்த? வுடு. பாக்கறோம்."

ரத்தினம் துடுப்பை எடுத்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள். "நீ இல்ல. அந்த டெல்லிக்காரனும் இல்ல. சத்தம் போட்டு அளவு சொன்னாரே, அவரு. அவருதான் பெரிய ஆபீசரு. அவரு ஏறட்டும்."

"நான் ஏறக் கூடாது. நான் கரையிலதான் நிக்கணும். அதுதான் விதி" என்றார் இவர்.

"பாத்துகினீங்களா? அளக்க வந்தவன்தான்! படகுக்காரனா இருந்தா படகுல ஏற மாட்டானா?"

இந்த ஒரு வருஷமாக ஹரீஷும் ரத்தினமும் நானும் கேட்டது அதைத்தான். நாங்கள் வீட்டு மனிதர்கள், எங்களைச் சமாளித்துவிடலாம்.

கிராம நிர்வாக அலுவலர் வரும்வரை ஆதாரங்கள் வேண்டும் என்று கூட்டம் முடிவு செய்தது. கோல், நாடா, கூம்புகள், ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாவற்றையும் வாங்கி மதகுச் சுவரில் அடுக்கினார்கள். பலகைமேல் வைத்திருந்த மிதவைச் சட்டைகளும் ஆரஞ்சு நிறம்தான், அவையும் ஆதாரத்தோடு போயின. நான் தாயாரம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவருக்கு நீச்சல் தெரியாதும்மா. அந்தச் சட்டையாவது குடுங்க."

"எருமைக்கு வயித்தளவுதான் தண்ணி. அந்தக் கருவேல மரத்தாண்ட மட்டும் போக வேணாம்னு சொல்லு. மண்ணு லாரிக்காரனுங்க தோண்டின பள்ளம் கீது. லாரியே முழுவும்."

எங்கள் கோல் அந்தப் பக்கம் போகவே இல்லை. அவரிடம் போய்ப் பள்ளத்தைச் சொன்னேன், தலையை ஆட்டினார்.

அவர் பாண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டார். தலையில் ஹெல்மெட் இல்லாமல் முன்வழுக்கை வெயிலில் பளபளத்தது. ட்யூபைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஒரு முழங்காலைப் பலகையில் வைத்து, வழுக்கி, மறுபடி வைத்து, ஏறிவிட்டார். கரையில் யாரோ விசிலடித்தார்கள். நான் இல்லை.

முதலில் இருந்த இடத்திலேயே சுற்றினார். ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டார், படகு திருகைக்கல் மாதிரி சுழன்றது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போடுங்க சார்!" என்று ரத்தினம் கத்தினார். மாற்றிப் போட்டார். படகு நேராயிற்று. கொஞ்ச தூரம் போய், ஏதோ மறந்துவிட்டவர் போல நின்று, துடுப்பையும் தண்ணீரையும் பார்த்தார். பிறகு போட ஆரம்பித்தார்.

ஏரியின் நடுப்பகுதியைத் தாண்டினார். தாயாரம்மாள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "போதும்னு சொல்லு" என்றாள் என்னிடம். படகு கருவேல மரத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

மூன்று முறை ஊதினேன். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே அளவில், நீளமாக. அவர் திரும்பவில்லை. மறுபடி ஊதினேன்.

"யோவ்! அங்க பள்ளம் கீதுயா!" என்று ஓர் ஆள் தண்ணீருக்குள் இறங்கிக் கத்தினார். பைக்கில் வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரமாக ஓட ஆரம்பித்தார்கள். ஹரீஷ் இந்தியில் கத்தினார். தாயாரம்மாள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, "நம்பிட்டோம்யா! படகுதான்யா! வந்துருயா!" என்று கூவினாள்.

மரத்தின் நிழல் தண்ணீரில் விழுந்த இடத்தை அவர் அடைந்தார். அங்கே தண்ணீரின் நிறமே வேறாக இருந்தது. அவர் துடுப்பு நிற்கவில்லை. பதினேழு வருஷமாகப் பார்த்த முதுகு அது. வீட்டில்கூட வாசல் தெரியும்படி சுவரோரமாகத்தான் உட்காருவார். அன்று அந்த முதுகு எங்கள் எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு, வலம் ஒன்று இடம் ஒன்றாகச் சாய்ந்து சாய்ந்து, பள்ளத்தின் மேலேயே போய்க்கொண்டிருந்தது.

"சார் காதுல வுழுதுக்கா" என்றார் ரத்தினம் மெதுவாக. "வர்ற மாதிரி தெரியல."

விசிலைக் கழுத்திலிருந்து கழற்றித் தாயாரம்மாளிடம் கொடுத்தேன். அவள் அதைச் சேலையில் துடைத்துவிட்டு, கன்னம் உப்ப ஊதினாள். அவளுக்கும் அவர் திரும்பவில்லை.